நம் அங்கத்தினர் எப்படி வாக்களித்தார்?

நம் தொகுதியிலிருந்து டில்லிக்குப் போயிருக்கும் அங்கத்தினர், சென்ற கூட்டத்தொடரில் நிறைவேறிய இன்ன மசோதாவை ஆதரித்து வாக்களித்தாரா, எதிர்த்து வாக்களித்தாரா என்று ஒரு சாதாரண வாக்காளர் சிரத்தையோடு விசாரிக்கப் புறப்பட்டால், பாராளுமன்றத்தின் இணையதளத்தை மூலைமுடுக்கெல்லாம் குடைந்து பார்த்த பிறகு பெரும்பாலும் அவர் அறிந்துகொள்வது, அப்படிப்பட்ட விவரம் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை என்பதைத்தான். ஒளித்து வைத்திருந்தாலாவது கோபித்துக்கொள்ளலாம். எழுதவே படாத ஒன்றைக் குறித்து யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? வந்த நாள்களுக்குக் கணக்கு உண்டு. கேட்ட கேள்விகளுக்கும் பேசிய விவாதங்களுக்கும் கணக்கு உண்டு. எந்தக் காரியத்துக்காக அவரை அங்கே அனுப்பினோமோ, அந்த ஒரு காரியத்துக்குத்தான் கணக்கு இல்லை. எங்கள் தொகுதி அங்கத்தினரின் நடவடிக்கைகளைக் கூட்டத்தொடர் தவறாமல் வாசித்து வருவது எனக்குச் சில வருஷங்களாக ஏற்பட்டுவிட்ட வழக்கம். அவர் எந்தக் கட்சி, எந்த ஊர் என்பதை இங்கே சொல்ல அவசியமில்லை. யாரை எடுத்துக்கொண்டாலும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

மசோதா எப்படி நிறைவேறுகிறது என்பதைச் சன்ஸத் தொலைக்காட்சியில் ஒரு தடவையாவது பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். விவாதம் முடிந்து, மந்திரி பதில் சொல்லி அமர்ந்ததும், சபாநாயகரோ அவர் இடத்தில் அமர்ந்திருப்பவரோ, ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்று சொல்லலாம், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்று சொல்லலாம் என்று ஒரே மூச்சில் அறிவிக்கிறார்; ஒரு பெரும் சத்தம் எழுகிறது; அது அடங்குவதற்குள் 'ஆம்' என்பவர்களே வென்றார்கள் என்று இரண்டு தடவை சொல்லியாகிவிடுகிறது; இரண்டாவது பிரிவு முதல் நாற்பதாவது பிரிவு வரை மசோதாவில் சேர்க்கப்பட்டாயிற்று என்ற அறிவிப்பு காதில் விழும்போது, நாம் இன்னும் தலைப்பைக்கூட முழுதாக வாசித்திருக்க மாட்டோம். குரல் வாக்கெடுப்பு என்பது இதுதான். நம் சட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறந்திருக்கின்றன. யாரும் ஆட்சேபிக்காத சிறு திருத்தங்களையும், நூற்றுக்கணக்கான உட்பிரிவுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் குறித்து வாக்கெடுத்துக்கொண்டிருந்தால் சபைக்கு வேறு காரியம் ஓடாது என்பது நியாயமான வாதமே. ஆனால் ஒரு மசோதா முழுமையாக நிறைவேறும் அந்தக் கடைசிக் கட்டத்திலும் சத்தத்தை வைத்தே முடிவு கட்டுவானேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சத்தத்தில் திருப்தியடையாத அங்கத்தினர் எவரும் பகுப்பு வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கலாம். டில்லி வழக்கில் அதற்கு 'டிவிஷன்' என்று பெயர். கேட்டால் மண்டப வழிகள் காலி செய்யப்பட்டு, மணி ஒலித்து, மூன்றரை நிமிஷம் கழித்துச் சபாநாயகர் மறுபடியும் கேள்வியை முன்வைக்கிறார். அதற்குப் பிறகும் ஆட்சேபம் இருந்தால், அவரவர் இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்தி வாக்களிக்கிறார்கள்: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். ஆனால் அந்த விதியிலேயே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பகுப்பு தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகருக்குத் தோன்றினால், ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் அவரவர் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடிவை அறிவித்துவிடலாம். அப்போது வாக்களித்தவர்களின் பெயர்கள் பதிவு செய்யப்பட மாட்டா. தலையை எண்ணுவார்கள், முகத்தைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வழக்கம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2020 செப்டம்பர் 20-ஆம் தேதி மாநிலங்களவையில் நடந்ததைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. வேளாண் மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரேரணை கொடுத்திருந்த திருச்சி சிவாவும் வேறு சிலரும் பகுப்பு கேட்டார்கள். சபையை நடத்திக்கொண்டிருந்த துணைத் தலைவர் ஹரிவன்ஷ், கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை, சபையிலும் ஒழுங்கு இல்லை என்று சொல்லிக் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். சிவா தம் இருக்கையிலிருந்துதான் கேட்டார் என்று, சபையின் ஒளிப்பதிவைப் பரிசீலித்துப் பிற்பாடு ஒரு நாளேட்டில் எழுதினார்கள். அடுத்த நாள் எட்டு அங்கத்தினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சட்டங்களும் ஒரு வருஷத்துக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டன. ஆயினும், நாடெங்கும் அவ்வளவு கொந்தளிப்பை உண்டாக்கிய அந்த மசோதாக்களை மாநிலங்களவையில் இன்னின்னார் ஆதரித்தார், இன்னின்னார் எதிர்த்தார் என்ற பட்டியல் இன்றைக்கும் கிடையாது. இனி ஒருகாலும் இருக்கப்போவதும் இல்லை. இது ஒரு கட்சியின் குற்றம் என்று நினைத்து விடாதீர்கள். 2014 பிப்ரவரி 18 அன்று, அப்போதைய ஆளும் கூட்டணி மக்களவையில் தெலங்கானா மசோதாவை நிறைவேற்றியதும் குரல் வாக்கெடுப்பில்தான்; அன்றைக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நின்றுபோனது. இயந்திரக் கோளாறு என்று காரணம் சொன்னார்கள்.

பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு கட்டாயமாக நடப்பது அரசியலமைப்புத் திருத்தங்களுக்குத்தான். மொத்த அங்கத்தினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்று 368-ஆம் விதி சொல்வதால், அங்கே சத்தத்தை அளந்து பார்த்துச் சமாளிக்க முடியாது. 2023 செப்டம்பர் 20 அன்று பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதாவை 454 பேர் ஆதரித்து, இரண்டே பேர் எதிர்த்தார்கள் என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிவது இதனால்தான். இப்படிப்பட்ட பட்டியல்கள் சபை நடவடிக்கைக் குறிப்பில் அகரவரிசையில் அச்சாகின்றன. 'பாலு, ஸ்ரீ டி. ஆர்.' என்பதுபோல நம் ஊர்ப் பெயர்களின் தலையெழுத்துகள் வாலுக்குப் போய்விடுகிற அந்த நீண்ட வரிசையில், நம் ஆளின் பெயரை விரலால் தொட்டுத் தேடிக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. பட்டியலுக்குக் கீழே, இன்னின்னார் சீட்டின் மூலம் வாக்கைத் திருத்திக்கொண்டார்கள் என்று ஒரு குறிப்பும் இருக்கும். அதைத் தவறவிடக் கூடாது. 2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகப்படுத்தும் பிரேரணையின்மீது, புதிய கட்டடத்தில் முதல் தடவையாக மின்னணுக் கருவியால் வாக்கெடுத்தபோது, பலகையில் முதலில் தெரிந்தது 220-க்கு 149. சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களையெல்லாம் சேர்த்தபின் வந்த கணக்கு 269-க்கு 198. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தவர், நூறு அங்கத்தினர்களுக்கு அருகில் கணக்கில் விட்டிருப்பார்.

சரி, இப்படியொரு பட்டியல் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் நம் அங்கத்தினரின் மனம் தெரியுமா என்றால், அதுவும் சந்தேகமே. 1985-இல் 52-ஆவது திருத்தத்தால் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சியின் உத்தரவுக்கு விரோதமாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, முன் அனுமதி பெறாமலும் பதினைந்து நாள்களுக்குள் கட்சி அதை மன்னிக்காமலும் போனால், பதவியே போய்விடும் என்று விதித்திருக்கிறது. காசுக்கும் பதவிக்கும் அரசாங்கங்களைக் கவிழ்க்கிற கேட்டை நிறுத்தக் கொண்டுவந்த சட்டம் அது. அரசாங்கத்தின் ஆயுளுக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரண மசோதா வரைக்கும் அதன் கை நீள்வதுதான் கஷ்டம். கட்சிக் கொறடாவின் மூன்று கோடிட்ட, அதாவது மிகக் கண்டிப்பான, உத்தரவு வந்த பிறகு, பொத்தானை அழுத்துவது அங்கத்தினரின் விரல், வாக்கு கட்சியினுடையது. நம்பிக்கைத் தீர்மானம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு போதும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே யோசனை சொன்னது; அதே கருத்தில் மணீஷ் திவாரி 2010-இல் தனிநபர் மசோதா ஒன்றும் கொண்டுவந்தார். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. தம்மைக் கட்டியிருக்கும் கயிற்றை அங்கத்தினர்கள் தாமே அறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். கயிற்றின் மறுநுனி தலைமையின் கையில் அல்லவா இருக்கிறது!

அதனால் வாக்குப் பட்டியலை நான் தனிமனிதரின் நற்சாட்சிப் பத்திரமாக வாசிப்பதில்லை. கட்சியின் வாக்குமூலமாகவே வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் அது மிகவும் உபயோகமான பத்திரம். 2019 ஜூலையில் முத்தலாக் மசோதா வந்தபோது, மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே அங்கத்தினராக இருந்த தேனி ரவீந்திரநாத் அதை ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து அதே மசோதா மாநிலங்களவைக்குப் போனபோது, அதே கட்சியின் அங்கத்தினர்கள் அதை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். 99-க்கு 84 என்ற கணக்கில் அது நிறைவேறியது. வெளியே வந்து நிருபர்களிடம் 'எதிர்த்தோம்' என்று சொல்லலாம். உள்ளே எதிர்ப்பு வரிசையில் ஒரு பெயரும் ஏறியிருக்காது. வெளிநடப்பு என்பது, எண்ணிக்கை நெருக்கமாக இருக்கும் சபையில், ஆளும் தரப்புக்குச் செய்கிற சத்தமில்லாத உபகாரம் என்பதை நம் பத்திரிகைகள் போதுமான அளவு எடுத்துச் சொல்வதில்லை. அதே வருஷம் டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு மாநிலங்களவையில் அக்கட்சி அளித்த ஆதரவு வாக்குகளோ பெயரோடு பதிவாகிவிட்டன. 2021 சட்டசபைத் தேர்தலில் எதிர்த்தரப்பினர் மேடைதோறும் அவற்றை எடுத்துக் காட்டினார்கள். பதிவான வாக்கு தேர்தல் களம் வரைக்கும் பின்னாலேயே வரும் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். குரல் வாக்கெடுப்பின்மேல் எல்லாத் தரப்பாருக்கும் இருக்கிற பிரியத்துக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டுமா என்ன?

லண்டன் காமன்ஸ் சபையில் வாக்களித்தவர் பெயர்ப் பட்டியலை 1836 முதல் சபையே வெளியிட்டு வருகிறது. அங்கிருந்து எத்தனையோ சம்பிரதாயங்களை இறக்குமதி செய்துகொண்ட நாம், இதை மட்டும் முழு மனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை.

வாக்கு தெரியாத இடத்தில், தெரிகிறவற்றை எண்ண ஆரம்பித்தோம். 2005-இல் டில்லியில் ஏற்பட்ட பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு, ஒவ்வொரு அங்கத்தினருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா ஆகியவற்றின் எண்ணிக்கையை, மாநிலச் சராசரி, தேசியச் சராசரி ஆகியவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அந்தக் கணக்கை ஆதாரமாகக்கொண்டு, நம் சென்னையைச் சேர்ந்த பிரைம் பாயின்ட் பவுண்டேஷன், அப்துல் கலாமின் யோசனைப்படி 2010 முதல் 'சன்ஸத் ரத்னா' என்ற விருதும் கொடுத்து வருகிறது. மிகவும் நல்ல காரியங்கள். அவை வருவதற்கு முன்னால் நாம் முழு இருட்டில் இருந்தோம். ஆனால் எண்ணைக் கண்டால் உடனே வரிசைப்படுத்திப் பார்க்கத் துடிக்கும் சுபாவம் நமக்கு உண்டல்லவா? என் அக்காள் மகன் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டு, உடனே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, லிஸ்ட்டப் பாத்தீங்களா? நம்ம எம்.பி. கடைசிலேர்ந்து தேடுனாத்தான் கெடைக்கிறாரு. நீங்க என்னடான்னா அவரு நல்லாப் பேசுறாருன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

"எத்தனை கேள்வின்னு போட்டிருக்கான், என்ன கேள்வின்னு போட்டிருக்கானாடா?" என்றேன்.

"அதெல்லாம் யாரு மாமா படிப்பா?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் யாராவது படித்தாக வேண்டியிருக்கிறது. முதலில், அந்தப் படத்தில் பூஜ்யம் வாங்கியிருந்த ஒருவர் மத்திய மந்திரி. மந்திரிகள் கேள்வி கேட்பவர்கள் அல்லர், பதில் சொல்ல வேண்டியவர்கள். அவர்கள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதும் இல்லை. எதிர்க்கட்சித் தலைவருக்கும் கையொப்பம் கிடையாது. கையொப்பமிடுகிற மற்றவர்களுக்கும் அது சபைக்கு வந்ததற்குச் சாட்சியே தவிர, சபையில் உட்கார்ந்திருந்ததற்குச் சாட்சியாகாது. காலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தினப்படிக்கு உரிமை பெற்றுக்கொண்டு, மத்தியானம் வேறு ஜோலியைப் பார்க்கப் போகிறவரும், மாலை ஏழு மணிவரை காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு மசோதாவின் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரேரிப்பவரும் அந்தக் கணக்கில் சமானமே. விவாதமும் அப்படித்தான்: பூஜ்ய நேரத்தில் ஒரு ரயிலை ஒரு ஊரில் நிறுத்தச் சொல்லி இரண்டு நிமிஷம் கேட்டதும் ஒன்று; வரவு செலவுத் திட்டத்தின்மேல் அரை மணி நேரம் ஆராய்ந்து பேசியதும் ஒன்று.

பெரோஸ் காந்தி இன்றைக்கு இருந்திருந்தால் இந்தப் பட்டியல்களில் எங்கே இருந்திருப்பார் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. 1952-இல் மக்களவைக்கு வந்தவர், 1955 டிசம்பர் வரையில் தம் கன்னிப் பேச்சைக்கூடப் பேசவில்லை. மூன்று வருஷங்களுக்கு மேலாகப் பின் வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவர், எழுந்தபோது ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் பொதுமக்களின் பணத்தைக் கையாண்ட விதத்தைக் கணக்கோடு அம்பலப்படுத்தினார். அடுத்த வருஷமே ஆயுள் காப்பீடு தேசிய உடைமையாயிற்று. 1957 டிசம்பரில் மறுபடியும் எழுந்து, அந்த ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பொரேஷனே ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் 1.24 கோடி ரூபாயைக் கொண்டுபோய்ப் போட்டதைக் கிளப்பினார். சாக்ளா விசாரணை கமிஷன் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நம்மவரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரி பதவியிலிருந்து விலகினார். ஆளுங்கட்சியின் அங்கத்தினர், அதுவும் பிரதம மந்திரியின் மருமகன், செய்த காரியம் இது. அந்தக் காலத்தில் கட்சித் தாவல் தடைச் சட்டமும் இல்லை, சராசரிக் கணக்கும் இல்லை.

கேள்விகளைப் படிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. எது இடம்பெறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது; ஆகையால் எண்ணிக்கையில் பாதி அதிருஷ்டத்தின் கணக்கு. ஒரே கேள்வியைப் பலர் கொடுத்திருந்தால் பெயர்களைச் சேர்த்து ஒன்றாக்கி விடுகிறார்கள். பெயர் இருக்கிற ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு கேள்வி ஏறுகிறது. நான்கைந்து அங்கத்தினர்களின் கேள்விகள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருப்பதையும், கூட்டத்தொடர் முழுவதும் அவர்கள் ஜோடி பிரியாமல் வருவதையும் பார்த்தால், ஒரே உதவியாளர் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறார் என்று ஊகிப்பதற்குப் பெரிய புத்தி வேண்டியதில்லை. கேள்வியே விலைபோன கதையும் உண்டு: 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகப் பதினோரு அங்கத்தினர்களை இரண்டு சபைகளுமாக வெளியேற்றின. எண்ணி மட்டும் பார்த்தால் அவையும் கேள்விகள்தாமே!

நான் பார்ப்பது துணைக் கேள்வியை. நட்சத்திரக் கேள்விக்கு மந்திரியின் பதில் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. அதை எழுதுவது அதிகாரிகள். '(அ) முதல் (உ) வரை: அறிக்கை ஒன்று சபையின் மேஜைமேல் வைக்கப்படுகிறது' என்று ஒரு வரி, பிறகு மூன்று பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர்களும் தொடங்கப்பட்ட வருஷங்களும், கேட்ட மாவட்டத்துக்கு எவ்வளவு என்ற ஒரு எண்ணைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். இதற்குப் பிறகுதான் நாடகமே ஆரம்பிக்கிறது. கேள்விக்கு உரியவர் எழுந்து, வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அச்சடித்த பதிலை முதல் நாள் இரவு வாசித்திராதவர், பிரதம மந்திரிக்கோ முதல் மந்திரிக்கோ நன்றி சொல்லி, தம் தொகுதியின் தல புராணத்தைச் சுருக்கமாக விஸ்தரித்து, கடைசியில் 'அரசாங்கம் நடவடிக்கை எடுக்குமா?' என்று முடிப்பார். மந்திரிக்கு 'எடுக்கும்' என்று சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை. வாசித்துவிட்டு வந்தவரோ, "உங்கள் அறிக்கையில் மூன்றாவது பத்தியில் அனுமதித்த தொகை இருக்கிறது, விடுவித்த தொகை எங்கே?" என்று ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். மந்திரி பின்னால் திரும்பி அதிகாரிகள் உட்காரும் மாடத்தைப் பார்க்கிறாரா இல்லையா என்பதுதான் என் அளவுகோல். நட்சத்திரக் கேள்விகள் இருபதில் வாய்மொழியாகப் பதில் வருவது அநேக நாள்களில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவதால், இந்தச் சந்தர்ப்பம் ஒருவருக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கிறது. வாய்த்தபோது என்ன செய்தார் என்பதைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

சபை கூடாத நாளில் கேள்வியும் இல்லை என்பதை வேறு சொல்ல வேண்டும். 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவை ஐந்து வருஷத்தில் கூடியது 274 நாள்கள். 2020 மழைக்காலத் தொடரில் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு, எழுத்துமூலப் பதில்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் இரண்டு சபைகளிலுமாக 146 அங்கத்தினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் அவர்களோடு வெளியேறின. அந்த அமளியில், டிசம்பர் 14 அன்று, சேலம் அங்கத்தினர் பார்த்திபனையும் சபைக்குள் ரகளை செய்ததாகச் சேர்த்து இடைநீக்கம் செய்தார்கள். விசாரித்தால், அன்றைக்கு அவர் சபைக்கே வரவில்லை! ஆள் அடையாளம் மாறிவிட்டது என்று சொல்லிப் பிறகு அவர் பெயரை நீக்கினார்கள். வராத நாளில் தண்டனை பெற்ற அங்கத்தினர் என்ற பெருமை எந்தப் பட்டியலிலும் ஏறாது.

பட்டியலில் ஏறாத இன்னொன்று குழுக்களில் நடக்கும் வேலை. இலாகாவாரி நிலைக்குழுக்கள் 24; ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடந்தாலும், அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் எந்தெந்த அமர்வுக்கு யார் யார் வந்தார்கள் என்ற விவரமும், மறுப்புக் குறிப்புகளும் அச்சாகின்றன. மறுப்புக் குறிப்பு என்பது, கொறடாவின் நிழல் அதிகம் விழாத இடத்தில் ஓர் அங்கத்தினர் தம் கையால் எழுதும் அபிப்பிராயம். 2025 பிப்ரவரியில் வக்ப் மசோதாவுக்கான கூட்டுக் குழுவின் அறிக்கை வந்தபோது, குழுவிலிருந்த ஆ. ராசா, எம். எம். அப்துல்லா முதலானோரின் தரப்பு மறுப்புக் குறிப்புகளில் சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள் என்று பெரிய ரகளையாகி, நீக்கியவற்றைப் பிற்சேர்க்கையாகச் சேர்த்தார்கள். யாரும் படிப்பதில்லை என்று நாம் நினைக்கும் பக்கங்களுக்காக அவ்வளவு சண்டை நடந்திருக்கிறது! ஏப்ரல் மாதம் மக்களவையில் அந்த மசோதா 288-க்கு 232 என்று நிறைவேறிய வாக்குப் பட்டியலைவிட, அந்தக் குறிப்புகளே எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. ஆனால் குழுவுக்குப் போகும் மசோதாக்களே அருகி வருகின்றன. 15-ஆவது மக்களவையில் நூற்றுக்கு 71 போன இடத்தில், 17-ஆவதில் 16 என்று ஆயிற்று.

தனிநபர் மசோதாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை மாலை இரண்டரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வழியில் சட்டமானவை 14. கடைசியாக ஆனது 1970-இல். ஆனாலும் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதைச் சொல்லாமல் விடக் கூடாது. நாற்பத்தைந்து வருஷத்தில் மாநிலங்களவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது கரையேறவில்லை. அரசாங்கம் வேறு மசோதா கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கிற்று. திருநர் சமூகத்தினர் பலர் அந்தச் சட்டத்தின்மேல் கடுமையான ஆட்சேபங்களை வைத்தார்கள். எண்ணிக்கைக் கணக்கில் சிவாவின் அந்த மசோதாவும், தாக்கல் செய்ததோடு மறந்துபோன வேறொருவரின் மசோதாவும் ஆளுக்கு ஒன்று.

கடைசியாக, என் அபிமானத்துக்குரிய ஓர் ஏட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மந்திரி சபையில் 'கவனிக்கிறேன்' என்றோ, 'பரிசீலனையில் இருக்கிறது' என்றோ, 'தகவல் திரட்டப்படுகிறது' என்றோ சொல்லிவிட்டால், அது காற்றோடு போவதில்லை. அரசாங்க உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 முதல் மக்களவையில் இருக்கிறது. அப்படிப்பட்ட வாக்கியங்களையெல்லாம் அது பொறுக்கியெடுத்துப் பதிந்துகொண்டு, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று இலாகாக்களைத் துரத்துகிறது. இலாகாக்கள் அவகாசம் கேட்கின்றன, மறுபடியும் கேட்கின்றன, சில சமயம், இந்த உறுதிமொழியை விட்டுவிடலாமே என்று மனுப் போடுகின்றன. பாக்கி நிற்கும் உறுதிமொழிகளைக் கேள்வி எண்ணோடும் தேதியோடும் குழுவின் அறிக்கைகளில் காணலாம். தாம் கேட்ட கேள்விக்குக் கிடைத்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்று அடுத்த தொடரில் மறுபடியும் எழுந்து கேட்கும் அங்கத்தினர்கள் மிகச் சிலர். அவர்களைக் கண்டால், கட்சி எதுவாக இருந்தாலும், எனக்கு மரியாதை தோன்றிவிடும்.

எங்கள் அங்கத்தினர் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் 'தகவல் திரட்டப்படுகிறது' என்றுதான் பதில் வந்தது. மூன்று மாதம் கடந்த பிறகும் திரட்டி முடிந்ததாகத் தெரியாததால், கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து, வருகிற தொடரில் இதை மறுபடியும் எழுப்பும்படி அவருடைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். சில நாள் கழித்து உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அய்யா, லெட்டர் வந்துச்சுங்க. சார் பார்வைக்கு வச்சிருக்கேன், கண்டிப்பா கவனிப்பாரு" என்று மிகவும் விநயமாகச் சொன்னார். அன்றைய தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன். குழு இலாகாக்களுக்குக் கொடுக்கிற அதே மூன்று மாத அவகாசத்தை இவருக்கும் கொடுப்பதாக உத்தேசம்.